வீட்டுத் தோட்டம் வீண்விரயமா?

தாமலில் புதுவீடு கட்டிவரும் சகோதரர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், வாசலில் நாலு சென்ட் இடம் மிச்சமிருக்கிறது. பூச்செடி வைத்து, ஊஞ்சலும் கல் பெஞ்சும் போட வேண்டுமென்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். இது இஸ்ராஃப் ஆகுமா?"

அழகை ரசிப்பதே தக்வாவுக்கு விரோதமென்று எண்ணி வாசலை வெறும் சிமெண்டுத் தரையாக்குவோர் நம்மில் உண்டு. அவர்களுக்கு அபூதல்ஹா (ரலி) அவர்களை நினைவூட்ட விரும்புகிறேன். மதீனாப் பள்ளிவாசலுக்கு எதிரே அவர்களுக்கு 'பைருஹா' என்ற தோட்டம் இருந்தது. தம் சொத்துக்களில் அவர்கள் மிகவும் நேசித்தது அதைத்தான். நபி (ஸல்) அவர்கள் அதனுள் சென்று இனிய நீரை அருந்துவார்கள். அந்த நேசத்தைக் கண்டித்ததாகச் செய்தி இல்லை. விரும்புவதைச் செலவிடாமல் நன்மையை அடைய முடியாது என்ற கருத்துள்ள ஆலஇம்ரான் 92-வது வசனம் இறங்கியபோது, அவர்களே அதை ஸதகாவாக்க முன்வந்தார்கள். நபியவர்களின் சொற்படி உறவினர்களுக்குப் பங்கிட்டார்கள்.

முவத்தாவில் இன்னொரு நிகழ்ச்சி. தம் தோட்டத்தில் அவர்கள் தொழும்போது, அடர்ந்த மரங்களிடையே ஒரு பறவை வெளியேற வழி தேடிப் பறந்தது. கண் அதன் பின்னே சென்றது. ரக்அத் கணக்கு மறந்தது. அந்தத் தோட்டத்தையும் ஸதகாவாக்கிவிட்டார்கள்.

ஆகவே, செலவு எவ்வளவு என்பதைவிட, தோட்டம் யாருடைய பங்கை எடுத்துக்கொள்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று பார்ப்பதே சரி. ஏரி வற்றிய கோடையில் அண்டைவீட்டார் குடத்தோடு நிற்க, நாம் மோட்டார் போட்டுப் புல்தரை வளர்த்தால் அது இஸ்ராஃபேதான். ஒளூச் செய்த தண்ணீரைச் சிறு வாய்க்காலில் திருப்பினாலே மருதோன்றி, மல்லிகை, கறிவேப்பிலை தழைக்கும். சிமெண்டு மானும் கொக்கும் வேண்டாம். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் உயிருள்ள குருவியே வரும். நட்ட மரத்தில் பறவையோ மனிதரோ கால்நடையோ உண்பது நட்டவருக்கு ஸதகா என்பது புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து.

மாமரத்தை மதிலோரம் வைக்க வேண்டாமென்றேன். அடுத்தவர் மனைக்குள் கிளை நீண்டால் அகற்றச் சொல்ல அவருக்கு உரிமையுண்டு.

பெண்கள் காற்றாட உட்காரும் இடமாதலால் கோஷாவுக்கு மதில் அவசியமே. "கல் பெஞ்சை மட்டும் மதிலுக்கு வெளியே போடுங்கள், வழிப்போக்கர் உட்காரட்டும்" என்றேன். அவர் தயங்கினார். "இரவில் குடிகாரர்கள் வந்து உட்காருவார்களே, ஹஜ்ரத்!" அந்த அச்சத்தை என்னால் தள்ள முடியவில்லை. பெஞ்சு உள்ளே இருக்கட்டும், தண்ணீர்ப் பானையை வெளியே வையுங்கள் என்றேன். அதற்குச் சம்மதித்தார்.