சாவி யாரிடத்தில்?



மனநோயுற்றுச் சொஸ்தமான நால்வர் சென்ற மாதம் என்னிடம் வந்தார்கள். ஞானோபதேச அறையை அடுத்த சிற்றறையில் வாரம் ஒரு மாலை தாங்களே கூடிப் பேச அனுமதி கேட்டார்கள். "பொறுப்பானவர் ஒருவர் மேற்பார்க்க வேண்டாமா?" என்பதே என் வாயில் முதலில் வந்த சொல். அவர்களில் மூத்தவர், தோல் தொழிற்சாலையில் வெகுகாலம் கணக்கெழுதியவர், தலை குனிந்துகொண்டார். அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. ஆகையால், அவர்கள் சம்மதத்தோடு, இதை எழுதுகிறேன்.

வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் கூடத் தங்குவது வழக்கமாயிற்று. சங்கிலியே மருந்தென்று நம்பின நாட்டில் அது பெரிய காரியம். (2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் தீப்பற்றியபோது 28 பேர் மாண்டார்கள், சங்கிலி அவர்களைத் தப்பவிடவில்லை.) ஆனால் குடும்பமும் களைத்துப்போகும். தாய் தகப்பன் கண்மூடிய பிறகு யார் துணை?

நியூயார்க்கில், ராக்லண்ட் மனநோய் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர், 1940-களில் 'நாம் தனியர் அல்ல' என்று பொருள்படும் பெயரோடு தாங்களே கூடினார்கள். அதிலிருந்து 1948-ல் ஃபவுண்டன் ஹவுஸ் என்னும் இல்லம் உண்டாயிற்று. அங்கே வருகிறவர் நோயாளியல்ல, அங்கத்தினர். சமையலோ, அலுவலக வேலையோ, ஊழியரும் அவரும் பக்கத்தில் நின்று செய்கிறார்கள். பற்பல தேசங்கள் அந்த வழியைப் பின்பற்றின.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டலாமா என்று சிலர் கேட்பீர்கள். மருந்து கொடுப்பது வைத்தியர் வேலை. இவர்கள் அதில் கைவைக்கவில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்லவுமில்லை. ஆனால் பள்ளத்தில் விழுந்து எழுந்தவனுக்குப் பள்ளம் எங்கே என்று தெரியும். உறக்கமில்லா இரவில் காதில் குரல் கேட்பதை என்னிடம் சொல்ல வெட்கப்படுகிறவர், அதைத் தானும் கேட்டவரிடம் கூசாமல் சொல்லுகிறார்.

இன்னொன்றும் உண்டு. ஒருவனை எப்பொழுதும் வாங்குகிறவனாகவே வைத்து, கொடுக்க ஒருபோதும் இடங்கொடாமலிருப்பது பிறர்சிநேகமா? அதில் கொடுக்கிறவனுடைய ஆசனம் மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. குருக்களாகிய எங்களுக்கு அந்த உயரம் சீக்கிரம் பழகிவிடும். நமது ஜங்ஷன் பெஞ்சில் உட்கார யாரும் யாரிடமும் நற்சான்று கேட்பதில்லை. கோயில் பெஞ்சில் இவர்கள் வந்து அமர்ந்தால் மட்டும் நாம் சற்று நகர்ந்துகொள்ளுகிறோம். நானும் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

வருகிற வியாழன் மாலை 5 மணிக்கு அறை திறக்கும். சாவி கணக்கெழுதினவரிடம் இருக்கிறது. அவர்கள் அழைத்தாலொழிய நான் அங்கே போகிறதில்லை. நாற்காலிகள் நான்கே உண்டு; வீட்டில் மிகுதியாயிருந்தால் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.