துலாக்கோலில் வைக்க வேண்டியவை

ஒரு தொழிலைத் தொடங்குமுன் வரப்போகும் இலாபத்தை எண்ணிப் பார்ப்பது மனித இயல்பு. இழப்பையும் சேர்த்து எண்ணுவதே அறிவுடைமை. திருக்குறளின் 47ஆவது அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அதன் முதற் குறளிலேயே, இழப்பது எது, கிடைப்பது எது, பின்னாளில் தொடர்ந்து வரும் பயன் எது என்னும் மூன்றையும் ஆராய்ந்து செயலில் இறங்குமாறு திருவள்ளுவ நாயனார் அறிவுறுத்துகின்றார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயம் நடும் கமக்காரர் விதை, பசளை, மருந்து, மண்ணெண்ணெய், கூலி எல்லாவற்றையும் கணக்கில் எழுதுவார். நகையை அடகு வைத்திருந்தால் வட்டியையும் எழுதுவார். ஆனால் ஊரெல்லாம் ஒரே காலத்தில் அறுவடை செய்தால் விலை விழுமே என்பதை எண்ணுவோர் சிலரே. கூலி வாங்காமல் உழைத்த மனைவியின் பாடும், பாடசாலைக்குப் போகாமல் தோட்டத்தில் நின்ற பிள்ளையின் நாட்களும் எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை.

தண்ணீரும் அப்படியே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையில் தங்கும் மழைநீரே கிணற்று நீராகின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீர் உவராகும். அளவுக்கு மீறி இட்ட பசளை நைத்திரேற்றாக நிலத்தடி நீரிற் கலக்கும். ஒருவரது இலாபத்துக்கு அயலவரின் குடிநீர் விலையாகின்றது.

பெரியபுராணம் கூறும் அமர்நீதி நாயனார் பழையாறையில் வாழ்ந்த வணிகர். பிரமசாரியாக வந்த இறைவன் கோவணம் ஒன்றை அவரிடம் அடைக்கலமாகக் கொடுத்துப் பின் அதனை மறையச் செய்தருளினார். ஈடாக வேறொரு கோவணத்தைத் தராசில் இட்டும் தட்டு ஒக்கவில்லை. பொன்னும் மணியும் பட்டும் குவித்தும் ஒக்கவில்லை. ஈற்றில் நாயனார் மனைவியோடும் மைந்தனோடும் தாமே தட்டில் ஏறியபோதுதான் தராசு சமனாயிற்று.

அடைக்கலப் பொருளுக்குப் பணம் ஈடாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. கிணற்று நீரும் மண்ணும் பிள்ளைகளின் கல்வியும் இறைவன் மனிதரிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள்களே. இவற்றை அழித்து ஈட்டுவது எவ்வளவு பெரிய தொகையானாலும் அது நட்டமே.

ஆகவே, புதிதாக ஒரு காரியத்தைத் தொடங்குவோர் வீட்டாரோடு கூடியிருந்து கணக்குப் பார்த்தல் வேண்டும். இலாபம் யாருக்கு, பாரம் யார் தலையில் என்று கேட்டல் வேண்டும். சரிவராது என்று கண்டால் இந்தப் போகம் பொறுத்திருப்பதும் நல்ல முடிவே. முடிவெடுத்த பின்னர் தளராது உழைத்து, பலனை இறைவனிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஆராயாமல் இறங்கிவிட்டு நட்டம் வந்தபின் தெய்வத்தை நோவது அடியார்க்கு அழகன்று.

கணக்கில் நேர்மையும் மனதில் தெளிவும் பெற்று ஊரவர் யாவரும் நல்வாழ்வு வாழ எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.

சிவமயம்