பக்கத்துக் கட்டிலைக் கேட்டோமா?

தேசிய சேவையில் இருந்தபோது எங்கள் பங்கில் நாலு பேர் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிஸ்கட் டின்தான் உடம்பு. மோட்டார் இரண்டும் ஒருவனுடைய தம்பியின் உடைந்த ரிமோட் காரிலிருந்து வந்தவை. அச்சுக்கு குடைக்கம்பி. சுவரைக் கண்டால் திரும்பிக்கொள்ள ஒரு சென்சார். சின்ன கண்ட்ரோலர் போர்டு மட்டும் சிம் லிம் டவரில் காசு கொடுத்து வாங்கியது. பேட்டரிக்குப் பழைய பவர் பேங்க் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த லித்தியம் செல்லை எடுத்துக்கொண்டோம்.

சின்ன வயதில் அப்பா என்னை சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிப்போவார். 2017 ஜூலையில் அதை மூடும்வரை எனக்கு அதுதான் பொம்மைக்கடை. அங்கே பிடித்த பைத்தியம் கேம்ப்பிலும் விடவில்லை. நாள் முழுக்க யாரோ சொல்வதைச் செய்துவிட்டு, ராத்திரி கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் நாமே முடிவெடுத்து ஒரு வேலை செய்யும் சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அது முதல்முதலாகத் தரையில் ஓடி, கட்டில் காலில் முட்டித் திரும்பிய ராத்திரி நாங்கள் குதித்த குதி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2023 தைப்பூசத்துக்கு மூணு நாள் முன்னால், சார்ஜில் போட்டிருந்த அந்த செல் உப்பி, புகைந்து, பக்கத்தில் இருந்த ஒரு பையைக் கருக்கியது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்த வார இறுதி பங்கில் இருந்த 12 பேருக்கும் புக் அவுட் கிடையாது என்று முடிவானது. செய்தது நாலு பேர், மாட்டியது 12 பேர்.

என் பக்கத்துக் கட்டில் நண்பன் அந்த வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தான், அவன் அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. கோவிட்டால் இரண்டு வருஷம் நின்றுபோன பாத ஊர்வலம் அந்த பிப்ரவரி 5-ஆம் தேதிதான் மறுபடி தொடங்கியது. அவன் போய்த் தனியாகக் கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. "எல்லாரும் உள்ள இருக்கும்போது நான் மட்டும் எப்படிடா போறது? முருகனுக்குத் தெரியும்" என்றான்.

எங்களில் ஒருவன் சமாதானமாகச் சொன்னான்: "நாங்க என்ன பலனை எதிர்பார்த்தா செஞ்சோம்? செய்ற வேலையைச் செய், பலனைப் பத்திக் கவலைப்படாதேன்னு கீதையே சொல்லுதே." அதற்கு நண்பன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை. "ரோபோ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தினமும் என் தலைமாட்டுலதானே சார்ஜ் போட்டீங்க. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?"

நண்பர்களே, இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் போன இடம் சாங்கி. ராணுவ வீரர்கள் கழிவுப் பொருளிலிருந்து கருவி செய்த கதைக்கு நாம் வேறு நாட்டைத் தேட வேண்டாம். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சுமார் 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் போர்க் கைதிகளாகச் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். தூரதேசத்திலிருந்து சண்டைக்கு வந்தவர்கள், கையில் துப்பாக்கி இல்லை, வீட்டுக்குக் கடிதம் போவதே அரிது. அவர்கள் என்ன செய்தார்கள்? கிடைத்ததை வைத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். துடைப்பம், சோப்பு, ரப்பர் செருப்பு, பல் செட் எல்லாம் முகாமின் பட்டறைகளில் உருவாயின. தேவாலயத்துக்கு வேண்டிய சிலுவையைப் பீரங்கிக் குண்டின் பித்தளை உறையிலிருந்து ஒருவர் அடித்தார். தீப்பெட்டிக்குள் ஒளித்த மோர்ஸ் கருவி ஒன்றை இன்றைக்கும் சாங்கி சேப்பல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதன் முன்னால் நின்றபோது, இன்ஜினியரிங் படிக்கிற எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. எங்களிடம் சிம் லிம் டவர் இருந்தது. அவர்களிடம் குப்பை மட்டும்தான்.

அப்படிச் செய்ததில் இரண்டு பொருள்களை மட்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று, செயற்கைக் கால். சயாம் மரண ரயில் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். சாங்கியிலிருந்தும் கைதிகளை அங்கே அனுப்பினார்கள். காட்டில் பட்ட சின்னக் கீறல் புண்ணாகி, புரையோடி, கடைசியில் காலையே வெட்ட வேண்டி வந்தது. அப்படித் திரும்பியவர்களுக்காகச் சாங்கிப் பட்டறையில் சக கைதிகள் மரம், தோல், உலோகத் துண்டு என்று கிடைத்ததைக் கொண்டு கால் செய்தார்கள். அவரவர் உடம்பை அளந்து, போட்டுப் பார்த்து, வலித்தால் திருத்தித் தரவேண்டிய வேலை அது. யாருக்காகச் செய்கிறோமோ அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்காமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது.

இன்னொன்று, ரேடியோ. துடைப்பக் கட்டைக்குள்கூட ஒளித்து வைத்திருக்கிறார்கள். பிடிபட்டால் சித்திரவதை, உயிரும் போகலாம். அப்படியும் செய்தார்கள். வெளியே போர் எப்படிப் போகிறது என்று ஒரு வரி தெரிந்தால் போதும், பசியில் கிடப்பவன் இன்னொரு நாள் தாங்குவான்.

ஆனால் ரேடியோவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1943 செப்டம்பரில் நேச நாட்டுக் கமாண்டோக்கள் சிறு படகுகளில் ரகசியமாக வந்து, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டுப் போனார்கள். சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த பொதுமக்கள்தான் ரேடியோ மூலம் தகவல் கொடுத்தார்கள் என்று ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய் சந்தேகப்பட்டது. உண்மையில் அந்தத் தாக்குதலுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அக்டோபர் 10-ஆம் தேதி சிறையில் சோதனை நடந்தது. ரேடியோப் பாகங்கள் கிடைத்தன. 57 பேரைக் கொண்டுபோய் மாதக்கணக்கில் வதைத்தார்கள், 15 பேர் செத்துப்போனார்கள். வதை நடந்த இடங்களில் ஒன்று பழைய ஒய்எம்சிஏ கட்டடம். லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ஏறினால் ஒரே ஸ்டேஷன், டோபி காட்டில் இறங்கினால் அந்த இடம் வந்துவிடும். இப்போது அங்கே புதுக் கட்டடம் நிற்கிறது.

அந்த ரேடியோவைச் செய்தது தப்பா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அடைபட்ட மனிதனுக்குச் செய்தி என்பது சோறு மாதிரி. முகாம் முழுக்கக் கூட்டம் போட்டு, "ரேடியோ செய்யலாமா?" என்று கைதூக்கச் சொல்லவும் முடியாது. விஷயம் எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனை பேருக்கும் ஆபத்து. ஆகவே கேட்காமல் இருந்ததே பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு ஒருவிதப் பாதுகாப்பு. வெளியிலிருந்து சிறைக்குப் பணமும் உணவும் ரேடியோப் பாகங்களும் போய்ச்சேர உதவிய எலிசபெத் சோய், விளைவு தெரிந்தே இறங்கினார். கிட்டத்தட்ட 200 நாள் கெம்பெய்த்தாயின் பிடியில் கிடந்தார். அவர்கள் விலையை எண்ணிப் பார்க்காதவர்கள் அல்ல. எண்ணிப் பார்த்து, தங்கள் உயிரையும் அதில் வைத்தவர்கள்.

எங்கள் பங்கில் என்ன நடந்தது? எங்களுக்கு எந்த நெருக்கடியும் இல்லை. கேட்க முடியாத நிலைமையும் இல்லை. ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன் படுத்திருந்தான். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நல்ல காரியம் செய்கிறோம், சம்பளம் வாங்காமல் செய்கிறோம், சொந்த நேரத்தில் செய்கிறோம் என்ற நினைப்பே எங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

இங்கேதான் கீதையை நாம் அரைகுறையாகப் பிடித்துக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பலனில் பற்று வைக்காதே என்றால், எனக்கு வரப்போகிற பேர், கைத்தட்டல், மார்க், இதில் பற்று வைக்காதே என்று அர்த்தம். என் வேலையால் அடுத்தவனுக்கு என்ன ஆகும் என்று பார்க்காதே என்று அர்த்தம் இல்லை. அப்படி இருந்தால் மூன்றாம் அத்தியாயத்தில் லோகசங்கிரகம், அதாவது உலகம் சிதறாமல் சேர்ந்து நிற்பதற்காகச் செயல்படு, என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. கடைசி அத்தியாயத்திலும் கண்ணன் அர்ஜுனனிடம், கண்ணை மூடிக்கொண்டு செய் என்று முடிக்கவில்லை. சொன்னதை எல்லாம் முழுசாக ஆராய்ந்து பார்த்து, பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான். நம் வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை என்று ஒரு முழு அதிகாரமே வைத்து, எது அழியும், எது ஆகும் என்று கணக்குப் பார்த்த பிறகு இறங்கச் சொல்கிறார். பற்று இல்லாமல் இருப்பது வேறு, பொறுப்பு இல்லாமல் இருப்பது வேறு. எங்கள் நாலு பேருக்கும் உண்மையில் இருந்தது இரண்டாவது. அதற்கு முதலாவதின் பெயரை வைத்துக்கொண்டோம்.

இது பிஸ்கட் டின் ரோபோவோடு முடிகிற விஷயம் இல்லை. இன்றைக்கு யூனிவர்சிட்டியில் நாம் செய்கிற ப்ராஜெக்டைப் பாருங்கள். கேமரா வைத்து முகம் அடையாளம் காண்கிறோம், டிரோன் பறக்கவிடுகிறோம், யாருடைய டேட்டாவையோ எடுத்து மாடலுக்குப் பழக்குகிறோம். டெமோ ஓடினால் கைத்தட்டல். அந்தக் கேமராவின் முன்னால் தெரியாமல் நடந்துபோன அக்கா, அந்த டிரோனுக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளி அண்ணன், இவர்களெல்லாம் நம்முடைய பக்கத்துக் கட்டில். கேட்டால் ப்ராஜெக்ட் தாமதமாகலாம். சில சமயம் வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார்கள். சொல்லட்டுமே. செயற்கைக் கால் செய்தவர், வலிக்கிறது என்று எதிரில் இருப்பவர் சொன்னதும் கழற்றித் திருத்தினார். அந்தக் கால் நடந்தது அதனால்தான்.

அந்த ரோபோவின் மோட்டார் இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆயுத பூஜைக்குப் புத்தகத்தோடும் ஸ்க்ரூடிரைவரோடும் அவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறேன். அப்போதெல்லாம் அந்தக் கருகிய பை ஞாபகத்துக்கு வரும்.

2024 ஜனவரி 25, வியாழக்கிழமை. என் நண்பன் பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தான். அவன் அம்மா முன்னால் போனார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நடந்தேன். புறப்படும் முன்னால் அவனிடம் ஒன்று கேட்டேன்: "கூட வரட்டுமாடா?"

"இப்பவாவது கேட்டியே. வா" என்றான்.