கோமுகி சேரும் ஊர்

ஜப்பானின் ஷிமொனாதா ரயில் நிலையத்தில் கடலைப் பார்ப்பதற்கென்றே பலர் இறங்குகிறார்கள். கள்ளக்குறிச்சிக்காரர்களான நமக்குப் பரங்கிப்பேட்டை இருக்கிறது. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையில், கடலோர ஊர் ஒன்றின் சின்ன நிலையம். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாற்றில் சேர்ந்து, வெள்ளாற்றோடு கலந்து, அந்த ஊர்ப் பக்கம்தான் கடலைத் தொடுகிறது. மலைத் தண்ணீர் போய்விடுகிறது, நாம்தான் போவதில்லை. போவதும் லேசல்ல. 2019-இல் மாவட்டத் தலைநகரானபோதும் கள்ளக்குறிச்சி நகருக்கு ரயில் கிடையாது. சின்னசேலத்துக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. அங்கிருந்து தண்டவாளம் விருத்தாசலம், நெய்வேலி வழியாகக் கடலூர் துறைமுகம் சந்திப்பு வரை போகிறது. தெற்கே செல்லும் வண்டிக்கு அங்கே மாறினால் பரங்கிப்பேட்டை. பிள்ளைகளுக்குக் கோமுகி அணையைக் காட்டியவர்கள், அடுத்த விடுமுறையில் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் காட்டுங்கள்.