பின்னால் அமர்ந்தவரின் சம்மதம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் புது மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. கைப்பிடியில் சாமந்தி மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் மாத்திரம் இல்லை. நமக்குப் பயந்து அதை வீட்டு வாசலிலேயே நசுக்கிவிட்டு வந்திருப்பார்கள் போலும். பக்கத்தில் கலியாணமாகி ஓராண்டும் நிறையாத தம்பதிகள்.

"தோத்திரம் சாமி. வண்டியை மந்திரிச்சுத் தரணும். நாளைக்கு விடியக்காலம் கோடைக்கானல் போறோம். இதுதான் மொத தூரப் பயணம்" என்றார் கணவர்.

சந்தோஷப்பட்டேன். கன்னிவாடியில் பிறந்து, தினமும் கண்ணெதிரே மலையைப் பார்த்து வளர்ந்தும், அதன் உச்சியில் கால் வைக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! செம்பட்டி, வத்தலக்குண்டு, காட்ரோடு என்று வழியை எல்லாம் அந்தப் பெண் ஒப்புவித்தாள். தீர்த்தத்தை எடுக்குமுன், தலைக்கவசம் எங்கே என்று கேட்டேன். பெட்ரோல் டாங்கியின் மேலிருந்ததைக் கணவர் எடுத்துக் காட்டினார். "ஒன்றுதானே இருக்கிறது?" என்றேன்.

"ஓட்டுறவன் நான்தானே சாமி!"

பல வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில், இதே போன்றதொரு புது வண்டியை மந்திரித்தேன். அன்று நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஜெபத்தைச் சொல்லித் தீர்த்தம் தெளித்து அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்த மனைவிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுத்தேன். ஒரு வளைவில் லாரியை முந்தப் போயிருக்கிறார்கள். புருஷனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மாத்திரம். சுவரோரம் குந்தியிருந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவளும் ஆசைப்பட்டுத்தானே சாமி வந்தா?" என்றான்.

அவன் கெட்டவனல்ல. அவன் கேட்டதும் மூடத்தனமான கேள்வியல்ல. சம்மதித்தவனுக்கு அநியாயம் செய்யப்படுவதில்லை என்று உரோமைச் சட்டத்திலிருந்து வந்த ஒரு பிரமாணத்தைக் குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அவன் அறியாமலே அதைத்தான் சொன்னான். அந்தப் பிரமாணம் தன் இடத்தில் சரியானதே. என் குடையை நானே மனமொத்துக் கொடுத்தால், கொண்டுபோனவனைத் திருடன் என்பேனா? ஆனால் அவள் எதற்குச் சம்மதித்தாள் என்று பார்க்க வேண்டும். அவள் ஊர் பார்க்கச் சம்மதித்தாள். அந்த வளைவில் அந்த லாரியை முந்துவதற்கு அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. கேட்டிருந்தாலும், முன்னாலிருப்பவனின் முதுகு மறைக்க, எதிரே வருவது அவளுக்குத் தெரிந்திராது. இரண்டு காலும் ஒரு பக்கமாய்த் தொங்க, கையில் பிரேக்கும் இல்லாமல், கைப்பிடியும் இல்லாமல் அமர்ந்திருக்கிறவள் அவள். விழுந்தால் அதே தரைதான் இருவருக்கும். வாசற்படியில் சிரித்துக்கொண்டு ஏறினதை வழி முழுவதுக்குமான சம்மதமாக எடுத்துக்கொள்வது, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிற்பாடு இஷ்டம்போல் எழுதிக்கொள்வதற்குச் சமானம்.

"அவளே இன்னும் வேகமாய்ப் போகச் சொன்னாலோ?" என்று வாலிபர் சிலர் கேட்கக்கூடும். சொல்லுவார்கள்தான், நானும் கேட்டிருக்கிறேன். ஆயினும், கொடுத்துவிட அவள் உயிர் அவளுடைய சொத்தல்ல. வாங்கிக்கொள்ள உமக்கும் உரிமையில்லை. 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல், வேகத்தின் மேலுள்ள மோகத்தால் தன் உயிரையும் பிறர் உயிரையும் சாலையில் ஆபத்துக்குள்ளாக்குவதைக் கனமான குற்றமென்று ஐந்தாம் கற்பனையின் கீழ் வைத்திருக்கிறது.

இராஜாங்கச் சட்டமும் இதில் பின்தங்கவில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ம் பிரிவு, ஓட்டுகிறவருக்கும் பின்னால் அமர்கிறவருக்கும் சேர்த்தே தலைக்கவசம் விதித்தது. 2015 ஜூலை 1 முதல் அதைக் கண்டிப்பாய் அமுல் நடத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னும் நுட்பமானது 1989-ம் வருஷத்து மத்திய விதிகளில் 123-வது. பின்னால் இருப்பவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி, துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் வண்டியில் இருந்தே தீரவேண்டும் என்கிறது அது. டில்லியில் உட்கார்ந்து விதி எழுதினவர் அவள் சேலையை நினைத்தார். அருகிலிருக்கும் புருஷன் அவள் தலையை நினைக்கவில்லை! ஸ்திரீக்குப் புருஷனே தலை என்று அர்ச். சின்னப்பர் எழுதியதுண்டு. தலைக்கவசமும் அந்த ஒரு தலைக்கே என்று அவர் எழுதக் காணோம்.

அப்படியானால் வழி நெடுக அவள் அதிகாரம் செய்யலாமோ என்றால், அதுவும் இல்லை. இரு சக்கர வண்டி சாய்ந்துதான் வளையும். வளைவுக்குள் பயந்து அவள் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி தடுமாறும். அங்கே அவனோடு சேர்ந்து சாய்வதே க்ஷேமம். பேசவேண்டியதை வளைவுக்கு முன் பேசிவிட வேண்டும். வளைவில் தன்னை முழுவதும் அவனிடம் ஒப்புக்கொடுக்கிறவள் நேர்ப்பாதையில் "மெதுவா" என்றால், அவன் ஏன் என்று கேளாமல் வேகத்தைக் குறைக்கக் கடமைப்பட்டவன். இந்த நியாயம் மலைப்பாதை விதியிலேயே இருக்கிறது. குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும்; யாருக்கு எளிதோ அவர் விட்டுக்கொடுக்கிறார். அந்த மலைக்கு இந்தச் சாலை 1916-ல் திறக்கப்படுமுன், துரைமாரும் துரைசானிமாரும் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து கூலியாட்களின் தோளில் டோலியேறிப் போனார்கள். அந்த ஏழைகள் பட்ட பாடு வேறு கதை. ஆனால் டோலியில் இருந்தவர் நிறுத்தச் சொன்னால் டோலி நின்றது.

இதையெல்லாம் அன்று முற்றத்தில் நான் பிரசங்கிக்கவில்லை. இன்னொரு கவசம் வந்தபின் மந்திரிக்கிறேன் என்றேன். அவர் தோளில் அவள் தட்டினால் வேகம் குறைய வேண்டும் என்றும், இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்க வேண்டும் என்றும் சொன்னேன். கணவருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் திண்டுக்கல் போய் வாங்கிக்கொண்டு சாயந்தரமே திரும்பினார்.

அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். பெருமாள்மலையில் மூடுபனி இறங்கி, முன்சக்கரமே தெரியவில்லையாம். ஒரு மணி நேரம் நின்று போனார்களாம்.

"நாலு எடத்துல தட்டுனா சாமி" என்று அவர் முறையிட்டார்.

"மூணு எடந்தான் சாமி" என்றாள் அவள். "நாலாவது, டீக்கடையப் பாத்துத் தட்டுனேன்."