விரலின் கணக்கு யாருக்குச் சொந்தம்?

பெருவிரல் சுட்டுவிரலைத் தொடும்போது மெல்லிய அதிர்வொன்று எழுந்து மணிக்கட்டு வரை செல்கிறது. நாம் அதனை உணர்வதில்லை. மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் உணர்ந்துவிடுகிறது. அதனுள் இருக்கும் அசைவு உணரி வழமையாக வினாடிக்குச் சுமார் 100 தடவை அளவெடுக்கும். 2016இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை 4000 தடவையாக்கி, விரல் தட்டுவதையும் சொடுக்குவதையும் பிரித்தறிந்தனர். 2021இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரத்தில் இத்தகைய வசதியொன்றைச் சேர்த்தது. ஒரு கையை இழந்தவர், கடிகாரம் கட்டிய கையின் விரல்களைச் சேர்த்தே அதனை இயக்கலாம். நல்ல நோக்கத்துக்காகப் பிறந்த கருவி என்பதில் ஐயமில்லை.

ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் நான், இதனை வகுப்பில் விளக்கி விரல்களைச் சேர்த்துக் காட்டினேன். "எங்கம்மா நாள் முழுக்க இதத்தானே செய்றாங்க, சேர்" என்றான் ஒரு மாணவன்.

உண்மைதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஒடிவது அவ்விரு விரல்களுக்கு இடையில்தான். தொழுகைக்குப் பின் விரற்கணுக்களில் தஸ்பீஹ் எண்ணும் நமது அசைவும் அதற்கு நெருங்கியதே. கருவி தொடுகையை அறியும், நிய்யத்தை அறியாது. ஆகவே அக்கணக்கை யார், எதற்காக வைத்திருக்கிறார் என்பதே அறத்தின் கேள்வியாகிறது.

களஞ்சியத் தொழிலாளரின் கை எந்தப் பெட்டியை நோக்கிச் செல்கிறது எனக் கண்காணித்து, தவறினால் அதிர்ந்து உணர்த்தும் கைப்பட்டிக்கு அமேசான் நிறுவனம் 2018இல் காப்புரிமை பெற்றது. அத்தகையதொன்று நம் மலைகளுக்கு வந்தால்? நாட்சம்பளம் 1000 ரூபாவான 2021இன் பின் பல தோட்டங்களில் எடை வரம்பு கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். நிறை குறைந்தால் அரைப்பேர் என்பது பழைய வழக்கு. தராசோடு விரலும் எண்ணப்பட்டால், அவள் மூச்சுவிட நின்ற நேரமும் குற்றமாகப் பதியப்படும்.

மறுபக்கமும் உண்டு. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படும்போது அவளிடம் சாட்சியில்லை. தன் விரல் உழைத்ததைத் தானே காட்டும் கணக்கு அவளுக்கு அரணாகலாம். அப்படியாயின் கருவியை முற்றாக மறுப்பதும் நீதியாகாது.

எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தேர்ந்த பெண் முற்றிய இலையைத் தொட்டவுடன் அறிந்து விட்டுவிடுகிறாள். பறிக்காமல் விட்ட அத்தொடுகையிலும் அவளது அறிவு இருக்கிறது, அதற்குக் கூலியில்லை. எண்ணிக்கையை மட்டும் மதிக்கும் இடத்தில் அவ்வறிவு நட்டமாகிவிடும்.

ஆதலால் என் நிலைப்பாடு இது: விரலின் கணக்கு விரலுக்குரியவரின் அமானிதம். அவர் அறியாமல் எடுக்கப்படலாகாது. அவரால் வாசிக்க முடியாத மொழியில் வைக்கப்படலாகாது. மடுவத்தில் நிறை பார்க்கும்போது, கணக்கப்பிள்ளையின் கையில் இருக்கும் தொகை அவள் கையிலும் இருக்க வேண்டும். தோட்டத் துரைமார் இதற்கு உடன்படாதவரை, அந்தக் கைப்பட்டியைக் கட்டிக்கொள்ள மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு.