உச்சரிப்பும் செவியும்

1

என் உத்தியோகத்தின் பெயரிலேயே தகராறு இருக்கிறது. எழுத்துப்படி அது 'கிளெர்க்'. அமெரிக்கர்கள் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 'கிளார்க்'. நாம் இங்கிலாந்திடம் பாடம் கேட்டவர்களாதலால் 'கிளார்க்' என்கிறோம். பேச்சில் அது 'கிளார்க்கு', அவசரத்தில் 'கிளாக்கு'. இவற்றில் எது சரி என்று கேட்டால், பதில் சொல்கிறவன் எந்த ஊர்க்காரன், யாரிடம் படித்தவன் என்பதுதான் தெரியவரும். இருந்தும் 'சரி' என்கிற சொல் அவ்வளவு சுலபமாகக் கரைந்துபோக மறுக்கிறது. ஒருவர் தப்பாக உச்சரித்தார் என்று தோன்றிய மாத்திரத்தில் கேட்பவர் முகத்தில் ஒரு சிறு மாறுதல் வருகிறது. அந்த மாறுதலை ஒலியியலால் விளக்க முடியாது. அது எங்கிருந்து வருகிறது, அதற்கு நியாயம் உண்டா என்பதே இந்தக் குறிப்புகளின் விஷயம்.

நான் இதை யோசிக்க நேர்ந்த இடம் கொல்லிமலையில் வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும் இருக்கிற நாடு. 'நாடு' என்பது இங்கே பல சிற்றூர்கள் சேர்ந்த பிரிவு. இன்றைய நிர்வாகக் கணக்கில் ஓர் ஊராட்சி. சமவெளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைக்கு வரவேண்டும். ஆங்கிலச் சொற்களும் கீழிருந்துதான் ஏறி வந்திருக்கின்றன: பஸ், லாரி, லோன், மிளகுக்கொடி படரும் சில்வர் ஓக். குச்சிக்கிழங்கு மலையை விட்டு இறங்கி ஆலைக்குப் போகிறது; 'சேகோ' என்ற சொல் அங்கிருந்து ஏறி வந்திருக்கிறது. அந்தச் சொல்லும் மலாய் மொழியிலிருந்து ஆங்கிலேயன் எடுத்துத் தன் வாய்க்கு ஏற்றபடி செய்துகொண்டதுதான்.

2

வங்கிக் கவுன்டரில் ஒருவர் 'கேஸு வந்திருச்சுங்களா' என்று கேட்கிறார். இது மூன்று கேள்விகளாக இருக்கலாம். கொடுப்பதற்குப் பணம் வந்துவிட்டதா என்பது ஒன்று. சமையல் எரிவாயு மானியம் கணக்கில் ஏறிவிட்டதா என்பது இன்னொன்று. கடன் பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போன விவகாரம் என்னாயிற்று என்பது மூன்றாவது. ஆங்கிலத்தில் இவை மூன்று சொற்கள். முதல் மெய்யிலோ உயிரிலோ கடைசி மெய்யிலோ ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் முதல் மெய்கள் எல்லாம் ககரமாக ஒன்றுசேர்கின்றன. உயிர்களுக்கெல்லாம் ஏகாரம் ஒன்றுதான் கிடைக்கிறது. ஷகரம் பழகியவர் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து 'கேஷ்' என்கிறார்.

'கேஷ்' என்பவர் தாம் சரியாகச் சொல்வதாக நினைக்கிறார். லண்டன்காரன் காதில் அவருடைய ஏகாரமும் தப்புதான். அந்த உயிர் ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே, வாயை அகலத் திறந்து சொல்வது. ஆக, 'கேஸு'வுக்கும் 'கேஷு'க்கும் நடுவே ஒரு படி, 'கேஷு'க்கும் லண்டனுக்கும் நடுவே இன்னொரு படி. ஏணியில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தமக்குக் கீழே உள்ள படிதான் பிழையாகத் தெரிகிறது.

வடசொல் தமிழுக்குள் வரும்போது வட எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதி செய்கிறார். வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது என்பதும் பழைய இலக்கணம். அதனால்தான் பேங்க் 'பேங்கு' ஆகிறது. செக் எண்ணெய் ஆட்டும் செக்காகவே ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டி இந்த விதிகளின்படி நடக்கிறார். பி.ஏ. படித்த நான் மீறுகிறேன். சிரிப்பு மட்டும் அவர் பக்கம் போகிறது.

இதே சிரிப்பு கடல் தாண்டியும் போகிறது. யாழ்ப்பாணத்தில் டெலிபோனை 'ரெலிபோன்' என்று எழுதுகிறார்கள்; தமிழ்நாட்டு வாசகனுக்கு அது வேடிக்கை. ஆங்கில 'டி' ஒலி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் நுனிநா பட்டுப் பிறப்பது. நம் டகரத்துக்கு நாக்கு இன்னும் பின்னால் மடங்கவேண்டும். ஈறில் பிறக்கும் பழைய வல்லின றகரத்தை யாழ்ப்பாணத்தார் 'ற்ற'வில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்கள் 'பெற்றோல்' என்று சொல்லும்போது, நம்முடைய 'பெட்ரோலை'விட ஆங்கிலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறார்கள். சிரிக்கிறவனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் சிரிப்பு நின்றுவிடாது என்றுதான் நினைக்கிறேன். அது தூரத்தை அளந்து பார்த்து வருகிற சிரிப்பல்ல.

3

ஊருக்கு ஊர் இருக்கும் வித்யாசம் ஒரே வீட்டுக்குள் வந்துவிடும்போது விஷயம் கனக்கிறது. வளப்பூர் நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாத்தா 'ஆஸ்பத்திரி' என்பார். மகன் 'ஆஸ்பிட்டல்' என்பார். கல்லூரியில் படிக்கும் பேத்தி 'ஹாஸ்பிடல்' என்பாள். மூவரும் போவது செம்மேட்டில் உள்ள அதே கட்டிடத்துக்கு.

இந்தப் பேத்தி ஒருநாள் தாத்தாவுடன் வங்கிக்கு வந்திருந்தாள். அவர் வழக்கம்போல, "கேஸு வந்திருச்சுங்களா சார்?" என்றார். "கேஸு இல்ல தாத்தா, கேஷ்" என்றாள் பெண், தாழ்ந்த குரலில். "வந்திருச்சுங்க" என்றேன் நான். வினைச்சொல்லில் எங்கள் மூவருக்கும் தகராறு இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் கவுன்டருக்கு வந்தால் பாஸ்புத்தகத்தை நீட்டி, "அது வந்திருச்சுங்களா" என்று மட்டும் கேட்கிறார். திருத்தியதால் ஒரு உச்சரிப்பு அவருக்கு வந்து சேரவில்லை. இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. கீழே ஒரு கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், அவள் ஏதோ ஒரு சொல்லைச் சொல்ல வகுப்பே சிரித்திருக்கிறது. "என்னையப் பாத்துச் சிரிச்ச மாதிரி தாத்தாவையும் பாத்து யாராச்சும் சிரிச்சிறக் கூடாதுங்க சார்" என்றாள் இன்னொரு நாள். பிரியத்தினால் செய்த காரியம். அவமானம் வீட்டுக்குள் வந்து சேருவது பெரும்பாலும் இப்படிப் பிரியத்தின் கையால்தான்.

4

அதிகாரம் உள்ளவனின் பிழை அகராதியில் ஏறிவிடுகிறது. மிளகுத்தண்ணீர் என்று சொல்ல வராத வெள்ளைக்காரன் 'மல்லிகடானி' என்றான். அது இன்று ஆங்கிலத்தில் ஒரு சூப்பின் மரியாதையான பெயர். மிளகு விளைகிற மலைக்காரர் 'லோனு' என்றால் அது ஹாஸ்யம்.

இன்னொரு உதாரணம். 1934-ன் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் பெயர் உள்ள வங்கி 'ஷெட்யூல்ட்' வங்கி. கொல்லிமலையின் மலையாளிகள், அதாவது மலையில் வாழும் தமிழ் பேசும் மக்கள், 'ஷெட்யூல்ட்' பழங்குடியினர். கவுன்டருக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல் ஒட்டியிருக்கிறது. இந்தச் சொல்லை இங்கிலாந்தில் ஷகரம் வைத்தும், அமெரிக்காவில் 'ஸ்கெ' என்றும் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்துக்குள் அது முதலில் வந்தபோது இரண்டும் இல்லை; வெறும் ஸகரம்தான். படித்தவர்கள் லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காக எழுத்துக்களைக் கூட்டினார்கள். பிறகு எழுத்தைப் பார்த்து வாய் மாறிக்கொண்டது. சான்றிதழ் விஷயமாக 'செடூல்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர், தமக்குத் தெரியாமலே ஆங்கிலத்தின் மிகப் பழைய உச்சரிப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

இதிலிருந்து, எல்லா உச்சரிப்பும் சமம், திருத்துவதே பாவம் என்ற முடிவுக்கு வருவது சுலபம். அதில் எனக்குச் சம்மதமில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'சரியான' உச்சரிப்பை ஏற்கெனவே கைவசம் வைத்திருப்பவர்கள். டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி 1917-ல் வந்தது. தென் இங்கிலாந்தில், ஆண்களைப் பெரிய விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிப் படிக்கவைக்க வசதியுள்ள குடும்பங்களின் பேச்சையே அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டார். ஆக, உலகத்துக்கே அளவுகோலாக இருந்ததும் சில குடும்பங்களின் வீட்டுப் பேச்சுதான். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டபின் அந்த அளவுகோலைத் துச்சமாகப் பேச எனக்கு முடிகிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. உன் மண்ணின் ஒலி அழகானது என்று பாராட்டி அவளை வெறுங்கையோடு அனுப்புவது அநியாயம். அவள் கேட்டாள், ஷகரத்தையும், ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவிலுள்ள அந்த உயிரையும் சொல்லிக்கொடுத்தேன். கேட்டவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், கேளாதவரைப் பலர் முன்னிலையில் திருத்துவதும் பார்வைக்கு ஒரே காரியம் போல இருக்கின்றன. ஒன்றில் கற்பவர் கையில் ஏதோ சேருகிறது. மற்றதில் திருத்துகிறவர் ஏணியில் தம் படியை உறுதிசெய்துகொள்கிறார்.

பெரியவரிடம் நானும் 'கேஸு' என்றே சொல்லிவிட்டால் என்ன? அப்படிச் செய்கிற உத்தியோகஸ்தர்கள் உண்டு. மரியாதை என்று நினைத்துச் செய்வது, குழந்தையிடம் மழலை பேசுகிற மாதிரி விழுந்துவிடுகிறது. என் வாய் அவருடைய வாயாக மாறவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னது எனக்கு விளங்கவேண்டும், அவ்வளவுதான்.

5

உச்சரிப்பின் தர்மம் வாயைப் பற்றியது என்று நினைத்துப் பழகிவிட்டோம். அது செவியைப் பற்றியது என்பது என் கட்சி. பேசுகிறவரும் கேட்கிறவரும் சமமானவர்களாக இருந்தால் சிரமத்தைப் பாதிப்பாதி பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் கையில் மற்றவருடைய பணமோ வேலையோ உயிரோ இருக்கும்போது, விளங்கிக்கொள்ளும் சிரமம் முழுவதும் கையில் வைத்திருப்பவருடையது.

உயிர் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. 1983 ஜூலையில் இலங்கையில் காடையர்கள் ஆட்களை வழிமறித்து 'பால்திய' என்று சொல்லச் சொன்னார்கள். வாளிக்குச் சிங்களச் சொல், போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அதன் முதலெழுத்து தமிழர் வாயில் வகரமாகிவிடும். வகரமானால் ஆள் தமிழர். விவிலியத்தில், யோர்தான் துறையில், 'ஷிபோலேத்' என்று சொல்ல வராமல் 'சிபோலேத்' என்ற எப்பிராயீமியர்களைப் பிடித்து வெட்டினார்கள். மடிந்தவர்களின் கணக்கு 42,000 என்று நியாயாதிபதிகள் ஆகமம் சொல்கிறது. 'கேஷு'க்கும் 'கேஸு'வுக்கும் உள்ள அதே ஒரு மெய்யின் தூரம். இங்கெல்லாம் விளங்காமை என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டவர்களுக்குச் சொல் நன்றாக விளங்கியது. பொருளைக் கேட்க வேண்டிய செவி ஆளைப் பிடிக்கிற பொறியாக மாறியிருந்தது.

அரசாங்கத்தின் செவி கொல்லும் செவியல்ல, மந்தமான செவி. சத்தீஸ்கரில் பாரியா பூமியா என்ற பழங்குடியினருக்கு பூயின்யா, புயியான், புயான் என்றும் பெயர் வழங்கியது. பட்டியலில் இந்த ஒலிகள் இல்லை. 2022 டிசம்பரில் மக்களவையும் 2023 ஜூலையில் மாநிலங்களவையும் ஒரு மசோதாவை நிறைவேற்றி, இவையும் அதே மக்களின் பெயர்கள்தான் என்று சேர்த்துக்கொண்டன. தம் பெயரைத் தாம் சொல்கிறபடி சொல்லிக்கொள்ள அந்த மக்களுக்கு நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகள் தேவைப்பட்டன.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். காம்யுவா, காமுவா, சார்த்தரா, சார்த்ரா, டாஸ்டாவ்ஸ்கியா, தஸ்தயேவ்ஸ்கியா. இந்தத் தகராறுகளில் சிற்றிதழ்கள் செலவழித்த பக்கங்கள் குறைவல்ல. அசல் ஒலியைத் தேடுவது நல்ல காரியம்தான். மொழிபெயர்ப்பவருக்கு அது கடமையும்கூட. ஆனால் ஒரு கட்டுரையில் பெயர் 'தப்பாக' எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டியதோடு கட்டுரைக்கே பதில் சொல்லிவிட்டதாகத் திருப்தியடைகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை எழுதியவர் காம்யுவில் என்ன கண்டார் என்பது விவாதத்துக்கு வராமலே போய்விடுகிறது. இங்கிலீஷில் மட்டும் படித்த ஒரு வாசகர் அடுத்த முறை எழுதும்போது பெயரையே தவிர்த்து 'அந்த பிரெஞ்சு நாவலாசிரியர்' என்று எழுதுகிறார். வளப்பூர் நாட்டுப் பெரியவரின் 'அது' நம் பக்கங்களிலும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது.

திருத்த வாயெடுக்கும் முன் ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் இரண்டு. அவர் சொன்னது எனக்கு விளங்கியதா? விளங்கியிருந்தால், இப்போது நான் திருத்தப்போவது யாருக்காக? முதல் கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது கேள்விக்கு 'எனக்காக' என்று பதில் வந்தால் பேசாமல் இருப்பது உத்தமம்.